மச்சானின் எடை

சலூன்காரருக்கும் அவருடைய மச்சானுக்கும் பதினெட்டு வருஷமாக ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமைச் சவரம். மற்ற எல்லாவற்றிலும் எலியும் பூனையும்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கடைசல் பட்டறையில் லேத் ஓட்டுபவர். இரும்புத் தண்டை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வந்த வினை என்னவென்றால், அந்தக் கண்ணை அவர் பட்டறையில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. மேசைக் கால் அரை நூல் உயரம், அலமாரிக் கதவு அரை நூல் சாய்வு என்று வீட்டில் எதைப் பார்த்தாலும் ஒரு குறை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அதிலும் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்கியதால், பட்டறையில் அவருக்கு அரைநூல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மனைவி இறந்த பிறகு அவர் தங்கை வீட்டு மாடியறைக்குக் குடிவந்தார். அன்றிலிருந்து சலூன்காரர் வெட்டும் தலைமுடிக்கும் அரை நூல் கணக்கு வந்துவிட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முகத்தில் நுரை போட்டு வலது பக்கம் மழித்து முடித்து, இடது தாடைக்குக் கீழே கத்தியை இறக்கும்போது சலூன்காரரின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் நகரவில்லை.

"மச்சான், இது எத்தனை நாளா இருக்கு?"

"பல்லுவலி மாப்ளே. தானா போயிடும்."

"பல்லுவலி கழுத்துலயா வரும்?"

"நீ முடி வெட்டற ஆளு. டாக்டர் மாதிரி பேசாத."

சலூன்காரர் கத்தியை மடித்து மேசைமேல் வைத்தார். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சொல்லுங்க. அப்பதான் மீதிப் பாதி."

அரைநூல் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அன்று முழுக்கப் பாதி மீசையும் பாதித் தாடியுமாக மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் படியிறங்கி வந்து, "சரி, வர்றேன். சிரை" என்றார்.

நாக்கின் அடிப்பகுதியில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். கழுத்து நெறிக்கட்டிக்கும் பரவியிருந்தது. எத்தனை வருஷமாக சிகரெட் என்று டாக்டர் கேட்க, அரைநூல் விட்டத்தைப் பார்த்தபடி முப்பது என்றார். நாளுக்கு ஒரு பாக்கெட். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார், திட்டவில்லை. முப்பத்தைந்து முறை கதிர்வீச்சு. வாரம் ஐந்து நாள், ஏழு வாரம். கூடவே வாரம் ஒரு முறை மருந்து ஏற்றுவார்கள். குணமாக்கலாம் என்ற நம்பிக்கையோடுதான் ஆரம்பிக்கிறோம் என்றார். "ஆனா அதுக்கு முன்னால கடைசி ரூமுக்குப் போயிட்டு வாங்க. எடை பார்ப்பாங்க."

அந்தக் கடைசி அறையில் ஓர் எடை மேடையும் ஒரு மேசையும் ரப்பரில் செய்த முட்டை, வாழைப்பழம், ரொட்டித் துண்டுகளும் இருந்தன. மேசைக்குப் பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். உணவு ஆலோசகர் என்று கதவில் எழுதியிருந்தது. எல்லோரும் டயட் மேடம் என்றார்கள். அவர் அரைநூலை எடை பார்த்தார்: அறுபத்து நான்கு கிலோ. பிறகு ஒரு தாளை எடுத்து, எத்தனை மணிக்கு எது எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தார். முட்டை, பால், பருப்பு, நெய், பொட்டுக்கடலை மாவு, மசித்த உருளைக்கிழங்கு.

"ரெண்டாவது வாரத்துல இருந்து தொண்டை எரியும். எதுவும் ருசிக்காது. அப்பத்தான் இது வேலை. மருந்து மாதிரி நினைச்சுக்குங்க, பசிக்காக இல்ல" என்றார்.

சலூன்காரருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சமையல் குறிப்பா வாங்கிக்கொண்டு போவது என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

கதிர்வீச்சுக்கு முன் முகத்துக்கு ஒரு கவசம் செய்தார்கள். வலை போட்ட வெள்ளைப் பலகை ஒன்றை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்த, அது நெற்றி முதல் தோள் வரை அச்சாக இறுகிக்கொண்டது. தினமும் அதைப் போட்டு மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தலை அசையாது, கதிர் குறி தப்பாது. தோலில் கத்தி படக்கூடாது என்பதால் ஏழு வாரமும் சவரம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருஷமாக அந்தக் கன்னத்தின் மேடு பள்ளமெல்லாம் அத்துப்படியாக இருந்த சலூன்காரரின் கை, இப்படியாக அதைவிட்டு விலகியது.

வீட்டில் பொறுப்பு பிரிந்தது இப்படி. அரைநூலின் தங்கை ஆயத்த ஆடை ஆலையில் மேற்பார்வையாளர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார். தாளில் எழுதியபடி எல்லாவற்றையும் விடிகாலையில் செய்து, கிண்ணம் கிண்ணமாக மூடி வைத்துவிட்டுப் போவார். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் நேரத்துக்கு ஊட்டுவதும் கணவரின் வேலை. முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

இரண்டாவது வாரம் தொண்டை எரிய ஆரம்பித்தது. ஒரு வாய் கஞ்சி இறங்குவதற்குள் அரைநூலின் கண்ணில் நீர் முட்டிவிடும். அதே வாரம், சலூனுக்கு வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஒருவர், புற்றுநோய்க்குச் சர்க்கரைதான் தீனி என்றார். சோறு, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திக் காய்ச்சாறு மட்டும் கொடுத்தால் கட்டி பட்டினி கிடந்து தானாகச் சாகும் என்று அடித்துச் சொன்னார்.

சலூன்காரர் அதை நான்கு முறை பார்த்தார். மச்சான் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சண்டை போட்டே பழகிய மனிதருக்கு அன்பைச் செய்து காட்ட ஒரு வழி கிடைத்தது போல் ஆகிவிட்டது.

"மச்சான், இனிமே இந்தக் கஞ்சி, முட்டை எதுவும் வேணாம். கீரையும் பூசணியும் அரைச்ச சாறு, அவ்வளவுதான். கட்டிய பட்டினி போட்டுடலாம்."

விழுங்குவதே தண்டனையாக இருந்தவருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா. "தங்கச்சிக்குத் தெரிஞ்சா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாம பார்த்துக்கலாம்."

மனைவி செய்து வைத்துவிட்டுப் போனதைக் கொட்ட மனசு வரவில்லை. சலூன்காரரே சாப்பிட்டார். தினமும் மூன்று அவித்த முட்டை, நெய் விட்ட பருப்பு, கெட்டிப்பால். கழுவிக் கவிழ்த்த கிண்ணங்களைப் பார்த்துத் தங்கைக்கு வயிறு குளிர்ந்தது.

திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்களே, அதற்கு என்ன செய்வது? வழியை அரைநூலே கண்டுபிடித்தார். பட்டறைக்குப் போய் இரண்டு இரும்புத் துண்டுகளைக் கடைந்து கொண்டுவந்தார். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு கனம், கிராம் பிசகாமல். முதல் திங்கட்கிழமை ஒன்றரை கிலோ. கால்சட்டைப் பையில் அடங்கிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஐந்தரை கிலோ; அதைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டவேண்டியிருந்தது. கட்டிவிட்டவர் சலூன்காரர். ஆஸ்பத்திரிப் படியேறும்போது மச்சானுக்குக் கால் தள்ளாடியது. சலூன்காரர் தோள் கொடுத்து ஏற்றிவிட்டார். டயட் மேடம் எடை மேடையின் எண்ணைப் பார்த்தார், அரைநூலின் முகத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். "முகம் வேற சொல்லுதே" என்றார். "தாடி மறைக்குது" என்றார் சலூன்காரர். கதிர் பட்டுத் தாடி பாதி உதிர்ந்து போயிருந்தது. சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

மறுநாள் குட்டு வெளிப்பட்டது. பதினெட்டாவது முறை. உள்ளே கூட்டிப்போய் ஐந்து நிமிஷத்துக்குள் கதிர்வீச்சு அறைக் கதவு திறந்தது. எந்திரம் இயக்குபவர் கவசத்தைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"இது ஆடுது. கன்னத்துக்கும் இதுக்கும் நடுவுல விரல் போகுது. இன்னிக்குக் குடுக்க முடியாது."

டாக்டர் வந்தார். புதிதாக அச்செடுக்க வேண்டும், ஸ்கேன் எடுத்துக் கணக்கையெல்லாம் மறுபடி போட வேண்டும். நாலைந்து நாள் போய்விடும் என்றார். நடுவில் நிறுத்தவே கூடாத சிகிச்சை இது என்று சொல்லும்போது அவருடைய குரல் இறுகியது. எடைத் தாளைப் புரட்டி, "இதுல அறுபத்து மூணரைன்னு இருக்கு. இந்தக் கணக்க வெச்சுத்தானே நான் மருந்தே ஏத்தறேன்" என்றார்.

இருவரையும் கடைசி அறைக்கு அனுப்பினார்கள். டயட் மேடம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கோபம் இருந்ததோ என்னவோ, முகத்தில் தெரியவில்லை.

"நான் யாரையும் திட்டப் போறதில்ல. ஆனா எனக்கு உண்மை வேணும். என்ன குடுத்தீங்க, எத்தனை நாளா குடுத்தீங்க?"

சலூன்காரர் சொன்னார். வீடியோவிலிருந்து ஆரம்பித்து, சாறு, கிண்ணங்கள், முட்டையை யார் சாப்பிட்டது என்பது வரை ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் முடித்ததும், அரைநூல் தன் பையிலிருந்து முந்தின நாள் கட்டியிருந்த இரும்புத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். ரப்பர் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் அவை பளபளவென்று கிடந்தன.

டயட் மேடம் ஒரு துண்டைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நீங்க கடைஞ்சதா?"

அரைநூல் தலையசைத்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கு." பிறகு சிரிக்காமலேயே சொன்னார்: "ஆனா இது உடம்புல ஒட்டாதே."

சலூன்காரர் மெல்லக் கேட்டார். "அப்ப அந்தச் சர்க்கரை விஷயம், பொய்யா மேடம்?"

"நம்ம உடம்புல எல்லா செல்லும்தான் சர்க்கரைய எரிக்குது, மூளைகூட. நீங்க சாப்பாட்ட நிறுத்தினா கட்டி பட்டினி கிடக்காது. உடம்பு தன்னோட சதையையே கரைச்சு அதுல இருந்து சர்க்கரை எடுத்துக்கும். இவரோட தொடை, தோள், கன்னம் எல்லாம் அப்படித்தான் போயிருக்கு. மெலிஞ்சது மச்சான்தான், கட்டி இல்ல. மூட்டை மூட்டையா இனிப்பு குடுங்கன்னு நான் சொல்லல. ஆனா சண்டை போட உடம்புக்குத் தெம்பு வேணும். புண் ஆற, ரத்த அணு ஊற எல்லாத்துக்கும் புரதம் வேணும். சாறு மட்டும் குடிச்சா அது எங்க இருந்து வரும்?"

பிறகு அவர் எழுந்து போய்ப் பழைய கவசத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அதை அரைநூலின் முகத்தில் வைத்து, ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அரைநூல் கண்ணாடியைப் பார்த்தார். கன்னத்தின் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். தாடையில் விட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் இரும்போடு பழகிய மனிதர். அவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"பத்து மில்லிமீட்டர் ஆடுது" என்றார் கரகரத்த குரலில். "மாப்ளே, பிடிப்பு இல்லாம சுத்தற இரும்புல நான் உளி வெப்பனா?"

"வெக்க மாட்டீங்க."

"வெச்சா என்ன ஆவும்?"

சலூன்காரர் குனிந்து மேசைமேல் கிடந்த இரும்புத் துண்டுகளைப் பார்த்தார்.

"வேற எடத்த வெட்டிரும்" என்று அரைநூலே சொல்லிக்கொண்டார். கவசத்தை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தார். "சொல்லுங்க மேடம். இனி எடை என் பொறுப்பு."

உண்மை எடை ஐம்பத்தெட்டு. இனி வாய்வழியாக மட்டும் சமாளிக்க முடியாது, மூக்கு வழியாக வயிறு வரை மெல்லிய குழாய் போடவேண்டும் என்றார் டயட் மேடம். அன்றே போட்டார்கள். நர்ஸ் குழாயை உள்ளே தள்ளித் தள்ளி, "முழுங்குங்க, முழுங்குங்க" என்று சொல்ல, அரைநூல் குமட்டிக் குமட்டி விழுங்கினார். சலூன்காரரின் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் விரல் தடம் இரண்டு நாள் இருந்தது. வேண்டாம் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

வீட்டில் இன்னொரு விசாரணை காத்திருந்தது. தங்கை எல்லாவற்றையும் கேட்டார். அண்ணனின் மூக்கிலிருந்து தொங்கும் குழாயைப் பார்த்தார். கணவரின் பக்கம் திரும்பினார்.

"என் அண்ணனுக்கு நான் அவிச்ச முட்டையையா தின்னீங்க?"

"வீணாப் போகுதேன்னு..."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் கணவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பது எப்படி, சல்லடையில் இருமுறை வடிகட்டுவது எப்படி என்று செய்து காட்டினார். முகத்தைப் பார்க்காமல்தான் காட்டினார். சலூன்காரர் கையைக் கட்டிக்கொண்டு கற்றுக்கொண்டார்.

வேலை உண்மையிலேயே பெரிது. நாளுக்கு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் இருநூறு மில்லி. நன்றாக வேகவைத்த முட்டை, பால், பருப்பு, எண்ணெய், டயட் மேடம் கொடுத்த புரத மாவு எல்லாம் சேர்த்து அரைத்த கூழ். ஊற்றுவதற்கு முன் குழாயில் போட்ட மைக்கோடு மூக்கு விளிம்பிலேயே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மெதுவாக இறக்கவேண்டும். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். முக்கியமாக, நிமிர்ந்து சாய்ந்த நிலையில் ஊற்றி, அதற்குப் பிறகும் ஒரு மணிநேரம் படுக்கவிடக் கூடாது. படுத்தால் கூழ் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

மாடியறைக் கட்டிலில் தலையணைகளை அடுக்கி வைத்தால் அரைநூல் பத்து நிமிஷத்தில் சரிந்துவிடுவார். சலூன்காரருக்கு அப்போதுதான் தோன்றியது: சாய்மானத்தை நினைத்த கோணத்தில் நிறுத்த வசதியான நாற்காலி ஊரிலேயே அவருடைய கடையில்தான் இருக்கிறது.

கதிர்வீச்சு முடிந்து நேரே சலூனுக்கு வருவார்கள். முன்கதவைச் சாத்தித் திரையிட்டு, இரண்டாவது நாற்காலியில் மச்சானை உட்காரவைத்து, துண்டு மாட்டும் கொக்கியில் கூழ்ப் பையைத் தொங்கவிடுவார். இதைக் கேள்விப்பட்ட டயட் மேடம் ஒரு மத்தியானம் வேலை முடிந்து போகிற வழியில் கடைக்கே வந்துவிட்டார். நாற்காலியின் சாய்வைப் பார்த்துத் திருப்தியானார். தரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"முடி பறக்கிற இடத்துல சாப்பாட்ட வைக்கலாமா? கூழ வீட்டுலயே மூடி எடுத்துட்டு வாங்க. ஊத்தறதுக்கு முன்னால கடைய ஈரத்துணியால துடைச்சிருக்கணும். கை கழுவறது உங்க கத்திய கழுவற மாதிரி."

பிறகு, கேட்காமலேயே மூடியைத் திறந்து அந்தக் கூழை ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த வெதுவெதுப்பான பருப்பும் முட்டையும் கலந்த வாசனை, அரைத்துப் பழகிய சலூன்காரருக்கே குமட்டும். டயட் மேடம் நிதானமாக விழுங்கிவிட்டு, "எண்ணெய் ஒரு கரண்டி குறையுது" என்றார். சலூன்காரர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற நேரத்தில், யாரோ ஒரு நோயாளியின் குழாய்க் கூழைச் சுவைத்துக் கணக்குச் சொல்லும் மனுஷியை அவர் அதுவரை கண்டதில்லை. இவரைப் பார்த்தா சமையல் குறிப்பு என்று முணுமுணுத்தோம் என்று அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஊற்றி முடித்த பிறகுள்ள ஒரு மணிநேரம்தான் வேடிக்கை. கடையைத் திறந்தாகவேண்டும், அரைநூல் நிமிர்ந்து உட்கார்ந்தாகவேண்டும். தொண்டைப் புண்ணால் பேச்சு நின்றுபோனதால் மடியில் ஒரு சிலேட்டு வைத்திருந்தார். முதல் நாளே, பக்கத்து நாற்காலியில் முடி வெட்டிக்கொண்டிருந்தவரின் தலையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுதினார்: இடது கிருதா அரை நூல் இறக்கம்.

"வாய் மூடியும் குறை சொல்றத நிறுத்த மாட்டீங்களா?" என்றார் சலூன்காரர். அளந்து பார்த்தார். இறக்கம்தான்.

மூக்கில் குழாயோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே திரும்பிப் போனவர்கள் உண்டு. ஒட்டிக்கொள்ளுமா என்று ஒருவர் கிசுகிசுக்க, சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்து, ஒட்டாது என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். மற்றவர்கள் பழகிவிட்டார்கள். போகப்போக, வெட்டி முடித்ததும் எழுந்து அரைநூலின் பக்கம் தலையைக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர் சிலேட்டில் சரி என்று எழுதினால் ஏதோ பரீட்சையில் தேறிய சந்தோஷம் அவர்களுக்கு.

ஆனால் அந்தச் சிரிப்பெல்லாம் அந்த ஒரு மணிநேரத்துக்குத்தான். மற்ற நேரமெல்லாம் அவர் பட்ட பாட்டைச் சலூன்காரர் அறிவார். வாய் முழுக்க வெள்ளைப் புண். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. மருந்து ஏற்றிய மறுநாள் கூழ் முழுக்க வாந்தியாக வந்துவிடும். அப்போது அரைநூல் வாயைக் கொப்பளித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி அரைமணி என்று விரலால் சைகை செய்வார். அரைமணி கழித்து மறுபடி முதலிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. சாயங்காலம் ஆறு மணிக்கு டயட் மேடம் போன் செய்வார். எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று மட்டும் கேட்பார். கடைசியில், "வாயால?" என்பார். குழாய் இருந்தாலும் நாளுக்குப் பத்து முறையாவது வாயால் தண்ணீர் விழுங்கியாகவேண்டும், இல்லாவிட்டால் தொண்டை விழுங்குவதையே மறந்துவிடும் என்பது அவருடைய உத்தரவு.

அந்தப் பத்து வாய்த் தண்ணீர்தான் நாளின் மிகக் கடினமான வேலை. அரைநூல் முதுகை நிமிர்த்தி, முகவாயைத் தாழ்த்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்குவார். சிலேட்டில் ஒரு கோடு. மூச்சு வாங்குவார். அடுத்த வாய். பத்துக் கோடு விழும் வரை எழமாட்டார். பதினோராவது கோடு விழுந்த நாட்களும் உண்டு. சலூன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மனிதரோடா பதினெட்டு வருஷம் மேசைக் காலுக்காகச் சண்டை போட்டோம் என்று தோன்றும்.

புதிய கவசம் மீதிப் பதினெட்டு நாளும் இறுக்கமாகப் பொருந்தியது. முப்பத்தைந்தாவது முறை முடிந்தபோது எடை ஐம்பத்தேழு புள்ளி ஆறு. "பிடிச்சு நிறுத்திட்டீங்க" என்று டயட் மேடம் இருவரையும் பார்த்துச் சொன்னார். சலூன்காரர் தலைகுனிந்துகொண்டார்; அந்தப் பாராட்டில் தனக்குப் பங்கு கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சிகிச்சை முடிந்த பிறகும் மூன்று வாரம் படுத்தியது. பிறகு புண்கள் ஒவ்வொன்றாக ஆறின. ருசிதான் வரவில்லை. எதை வாயில் வைத்தாலும் ஈரமான அட்டை மாதிரி இருக்கிறது என்றார் அரைநூல். தங்கை தினமும் ஒரு கரண்டி ஏதாவது வைத்துப் பார்த்தார்: மசித்த வாழைப்பழம், தயிர், கஞ்சி. எல்லாம் அட்டை. ஒன்பதாவது வாரம் ஒரு காலை, வெண்ணெயும் உப்பும் போட்டு மசித்த உருளைக்கிழங்கை வைத்தார். அரைநூல் அதை நாக்கில் உருட்டிக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

"என்னண்ணே?"

"உப்பு" என்றார்.

"கூடிப்போச்சா?"

"இல்லம்மா. இருக்கு. உப்பு தெரியுது."

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அன்று அவர் வேலைக்கு ஒரு மணிநேரம் தாமதமாகத்தான் போனார்.

அதற்கடுத்த வாரம் குழாயை எடுத்தார்கள். மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை. டாக்டர் கைகொடுத்தார், ஆனாலும் ஐந்து வருஷம் விடாமல் வந்து காட்டவேண்டும் என்றார். இப்போதே எதையும் முடிந்தது என்று சொல்லிவிட மாட்டேன் என்றார்.

கடைசி அறையில் வாசலுக்கு வெளியே வரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டயட் மேடம் அரைநூலை எடை மேடையில் ஏற்றினார். பைகளைத் தடவிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அரைநூல் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.

"இனிமே தாள் மாறுது" என்றார் டயட் மேடம். காய்கறி, பழம், பருப்பு, தவிடு நீக்காத தானியம் எல்லாம் ஏறியது. எண்ணெயும் நெய்யும் இறங்கின. தினமும் நடை. சிகரெட்டும் மதுவும் கிட்டவே வரக்கூடாது.

"இதெல்லாம் சாப்பிட்டா திரும்ப வராதா மேடம்?" என்று சலூன்காரர் கேட்டார்.

"அப்படி ஒரு சாப்பாடு இருந்தா நான் ஊர் ஊரா வித்திருப்பேன்" என்றார் அவர். "வர்றதுக்கான வாய்ப்பக் கொறைக்கலாம். முழுசாத் தடுத்துடுவேன்னு யாராவது சொன்னா, அந்த வீடியோவ மூடிடுங்க. இது இவருக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன்."

சலூன்காரர் அவருக்கு நன்றி சொல்ல நாலு வாக்கியம் மனசுக்குள் கட்டி வைத்திருந்தார். அதற்குள் அடுத்த நோயாளியும் அவருடைய மகளும் உள்ளே வந்துவிட்டார்கள். மகள் கையில் போனோடு, "மேடம், இதுல ஒருத்தர் சொல்றாரு" என்று ஆரம்பித்தார். டயட் மேடம் போனை வாங்கிப் பொறுமையாக முழுக்கப் பார்க்கத் தொடங்கினார். சலூன்காரர் கைகூப்பிவிட்டு வெளியே வந்தார்.

மத்தியானமாகிவிட்டதால் ஆஸ்பத்திரி உணவகத்திலேயே உட்கார்ந்தார்கள். அரைநூல் குழைந்த சோறு, பருப்பு, வேகவைத்த காய் என்று கேட்டு வாங்கினார். உமிழ்நீர் இன்னும் சரியாக ஊறுவதில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர், முகவாயைத் தாழ்த்தி ஒரு விழுங்கல், கொஞ்சம் ஓய்வு. சலூன்காரர் தன் தட்டை எட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கைகழுவி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். சுற்றியிருந்த மேசைகளில் ஆட்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். முப்பத்தைந்து நிமிஷம் ஆனபோது, மேசை துடைப்பவர் வந்து பாதி நிறைந்த தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டுங்க" என்றார் சலூன்காரர். "அவரு சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."